மன்சூர் அலி கட்டிய மச்சு

"யக்கா, கொஞ்சம் எந்திரிங்க. மாமா எம்புட்டு நேரம் நின்னுக்கிட்டே இருப்பாக?"

மூன்றாவது தடவையாகச் சொன்னேன். முப்பிடாதியம்மாள் அசையவில்லை. தோல் கட்டின் மேல் உட்கார்ந்து, முதுகைச் சுவரில் நன்றாக அழுத்திச் சாய்ந்திருந்தாள்.

"என்னால முடியாது தம்பி" என்றாள்.

பம்பாயில் டிராம் நின்றுபோனதற்கு அடுத்த வருஷம் அடித்த புயல் அது. மாஹிம் பக்கத்துக் கடல் தாராவிக்குள் வந்துவிட்டது. எங்கள் வரிசையில் மச்சு இருப்பது என் தோல் பட்டறைக்கு மட்டும்தான். காலையிலேயே பத்துக் குடும்பம் ஏணியில் ஏறி மேலே வந்துவிட்டது. அவர்களோடு சலாவுதீன் மாமாவும் மாட்டிக்கொண்டார்.

அவர்தான் முக்கியம். என் தங்கை ராபியாவைத் தன் மகனுக்கு எடுக்கலாமா என்று பார்க்க வடாலாவிலிருந்து வந்திருந்தார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் உம்மா என் முகத்தில் விழிக்கமாட்டாள்.

ஒரு வகையில் புயல் எனக்குச் சௌகரியமாகப் போயிற்று. எழுந்து போக வழியில்லாத மனிதரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் அளக்கலாம். இந்த மச்சை நானே பக்கத்தில் நின்று கட்டினேன் என்றேன். தகரம் எல்லாம் புதுசு, சாணுக்கு ஓர் ஆணி என்றேன். துறைமுகத்தில் கப்பலே கவிழ்ந்தாலும் என் சுவர் அசையாது என்றேன். கேட்பதற்குப் பத்துக் குடும்பம் இருந்ததால், சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. சலாவுதீன் மாமா நாலு பக்கமும் பார்த்துவிட்டு, சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே வரவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். நான் இரண்டு அங்குலம் வளர்ந்தேன்.

அப்படிப்பட்டவர் நிற்கிறார். பக்கத்து வீட்டில் ஆப்பம் சுட்டு விற்கிற இந்த அம்மாள், இருப்பதிலேயே வசதியான இடத்தில் உட்கார்ந்துகொண்டு முடியாது என்கிறாள். எனக்கு மானம் போயிற்று. ஒதுங்க இடம் கொடுத்தவனுக்கு இந்த ஊரில் மரியாதையே இல்லை என்று, அவள் காதில் விழும்படி கால் மணி நேரம் பேசினேன். மனிதாபிமானம் பற்றியும் கொஞ்சம் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் மழை விட்டது. தண்ணீர் முழங்காலுக்கு வடிந்ததும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஏணியில் கால் வைத்த சலாவுதீன் மாமா என் தோளைத் தட்டினார்.

"சுவத்தையே இம்புட்டுப் பொறுப்பாக் கட்டுனிய. தங்கச்சியையும் அப்படித்தான் வளத்திருப்பிய. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு வாறேன், பேசி முடிச்சிருவோம்."

சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பினால் முப்பிடாதியம்மாள் இன்னும் அதே இடத்தில் இருந்தாள்.

"இப்பமாவது எந்திரிக்கலாமில்லா?" என்று கோபமாகப் பக்கத்தில் போனேன்.

அவள் முதுகுப் பக்கம் சேலை முழுக்க ஈரம். தோள்பட்டையில் தகரம் கீறிய ரத்தம். அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த மூலைக்கு மட்டும் தகரம் போதாமல், எண்ணெய் டின்னைத் தட்டி விரித்து, மேலே இரண்டு ஆணியோடு நிறுத்தியிருந்தேன். தோல் கட்டை அடுக்கி மறைத்ததோடு அதை மறந்தும்விட்டேன்.

அந்த இரண்டு ஆணியும் தரையில் கிடந்தன. காலையிலிருந்து அந்த டின்னை நிறுத்தியது அவள் முதுகுதான்.

அவள் ஏணிப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்:

"மாப்பிள்ளை வீட்டுக்காரக தெருவத் தாண்டட்டும் தம்பி. பொறவு ஒரு நாலு ஆணி எடுத்துட்டு வாங்க."