முப்பதாவது ஆள்

"ஜன்னலைச் சாத்தும்மா, பேப்பரெல்லாம் பறக்குது" என்றார் ஆராய்ச்சி டாக்டர்.

நர்ஸ் சாத்தவில்லை. முகக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு ஜன்னலோரமே நின்றாள்.

டாக்டர் தொடர்ந்தார்: "தடுப்பூசி போட்டவங்கள்ல இருபத்தொன்பது பேருக்குத்தான் காசநோய் வந்திருக்கு. ஆராய்ச்சிக்கு முப்பது பேர் வேணும், இன்னும் ஒருத்தர் குறையுது. வந்தவங்க ரத்தத்தையும் வராதவங்க ரத்தத்தையும் ஒப்பிட்டாத்தானே, காப்பாத்துறது எதுன்னு தெரியும்?"

இன்னும் ஒருவருக்கு நோய் வரவில்லையே என்று கவலைப்பட்ட ஒரே டாக்டர் அவராகத்தான் இருக்கும்.

"முப்பதாவது ஆள் கிடைச்சாச்சு சார். காலையில சளி ரிப்போர்ட் வந்தது" என்றாள்.

"அடி சக்கை! பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு! யாரு அந்தப் புண்ணியவான்? உடனே வரச்சொல்லு, ரத்தம் எடுத்துடலாம்."

"வந்தாச்சு சார்."

டாக்டர் வாசலை எட்டிப் பார்த்தார். பெஞ்சு காலியாக இருந்தது. திரும்பினால், நர்ஸ் நோயாளியின் நாற்காலியில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆரம்பத்துல ஆள் சேரலைன்னு என்னையும் தடுப்பூசி போட்டுக்கச் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா? இன்னைக்கு நீங்கதான் குத்தணும் சார். என் கையில நானே ரத்தம் எடுக்க முடியாது."

டாக்டர் எழுந்து போய் மற்ற ஜன்னலையும் திறந்தார். பேப்பர்கள் பறந்தன.