பவளம் கழற்றிய செருப்பு

மெல்பேர்ன் மண்டபத்துச் சுவரில் இரண்டு ஓவியங்கள் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. போரில் ஷெல்லடியில் தரைமட்டமான தன் ஊர்ப் பிள்ளையார் கோயிலை அருந்தவன் வரைந்திருக்கிறார். போலந்தில் நாஜிகள் எரித்த யூதத் தொழுகைக்கூடத்தை அவரோடு ஓவியம் பழகும் ஹன்னா வரைந்திருக்கிறாள். அருந்தவன் ஆறு மாதம் மினக்கெட்டு வரைந்த கோபுரத்துக்கு முன்னால் நின்ற மனைவி பவளம், "நல்ல வடிவாய் வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு நகர்கிறாள். ஹன்னாவின் படத்தில் கதவு பாதி திறந்திருக்கிறது. உள்ளே ஒரு தொங்குவிளக்கு, வரிசையாய் வெறும் வாங்கு இருக்கைகள், அவற்றின் மேல் சாயும் மஞ்சள் வெயில். "இஞ்சருங்கோ, உள்ளுக்கு ஆரோ இருக்கினம் போல கிடக்கு" என்று அதன் முன்னால் நின்று கூப்பிடுகிறாள் பவளம். "ஒருத்தரும் இல்லை. எரிச்சுப்போட்டாங்கள்" என்கிறார் அருந்தவன், தேவைக்கு மேல் உரத்து. பவளம் படத்திலிருந்து பார்வையை எடுக்காமலே ஒரு செருப்பைக் கழற்றுகிறாள், பிறகு மற்றதை. அருந்தவன் திரும்பித் தன் கோயிலைப் பார்க்கிறார். சற்று முன் அந்த வாசலில் அவள் செருப்போடுதான் நின்றாள்.