பச்சைக் கயிறு

இரும்புக் கேட்டில் கண்ணாடி வளையல்கள் மோதி உடைகிற சத்தம். எத்தனையோ வருஷமாகியும் அது சாரதாவின் காதை விட்டுப் போகவில்லை.

அப்போது அவர்கள் தங்கவயலில், ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்த போலீஸ் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். பார்வதம்மா என்ற பெண் விடிந்ததும் விடியாததுமாக வந்து, ஸ்டேஷன் கேட்டை இரண்டு கையாலும் அடித்துக் கதறினாள்.

"எம் புள்ளய எதுக்குடா அடைச்சி வெச்சிருக்க, தம்மபாலா? நீ நல்லா இருப்பியா?"

தம்மபாலன் சாரதாவின் கணவர். பார்வதம்மாவின் மகன் ராஜ்குமாரை, ஒரு வழக்கும் போடாமல், ராத்திரி முழுக்க லாக்கப்பில் வைத்திருந்தார்.

புகார் மேலே போனது. விசாரணை வந்தது. ஏன் அடைத்தாய் என்று கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. பிரமோஷன் நின்றது.

வீட்டிலும் அதே கதைதான். கேட்டால், "விடு, சாரதா" என்பார். காசு பிடுங்கத்தான் அடைத்தார் என்று ஊர் பேசியது. அப்படியும் இருக்குமோ என்று சாரதாவின் மனசிலும் ஒரு மூலையில் முள் இருந்தது.

இன்று அவருக்கு ரிட்டயர்மென்ட் விழா.

காலையில் கொடியிலிருந்து காக்கிச் சட்டையை எடுத்து, கடைசித் தடவையாக இஸ்திரி போட்டாள். அந்தக் கொடி ஒரு தடித்த பச்சை நைலான் கயிறு. குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவர் எங்கிருந்தோ கொண்டுவந்து கட்டியது.

"துணி காயப்போட இவ்ளோ பெரிய கயிறா? யானை கட்டப் போறீங்களா?" என்று அப்போதே கேலி செய்திருக்கிறாள். வீடு மாறியபோதும் மறக்காமல் அவிழ்த்துக்கொண்டு வந்துவிட்டார்.

விழாவில் மைசூர் தலைப்பாகை, சால்வை, பழத்தட்டு எல்லாம் இருந்தன. பக்கத்து நாற்காலியில் மமதா. அவள் கணவரும் இன்றுதான் ரிட்டயர் ஆகிறார், தோளில் இரண்டு நட்சத்திரத்தோடு.

"இன்னாக்கா, ரெண்டு பேரும் ஒரே நாள்ல வேலைக்குச் சேந்தாங்க. உங்க வீட்டுக்காரரு மட்டும் ஹெட் கான்ஸ்டபிளாவே நின்னுட்டாரே. பென்ஷன்லயும் துண்டு விழுமில்ல?"

"விழும்" என்றாள் சாரதா.

இன்ஸ்பெக்டர் விநாயக் மைக்கைப் பிடித்தார். ஊருக்குப் புதியவர்.

"அடுத்து நம்ம ஏ.எஸ்.ஐ. தம்மபாலன் அவர்கள்..."

"ஹெட் கான்ஸ்டபிள், சார்" என்று தம்மபாலனே சிரித்துக்கொண்டு திருத்தினார். கூட்டமும் சிரித்தது. சாரதாவால் முடியவில்லை.

தலையைத் திருப்பியவள், வாசலில் பார்வதம்மாவைப் பார்த்தாள். நரைத்துப் போயிருந்தாள். கையில் ஒரு ரோஜா மாலை.

சாரதா விறுவிறுவென்று எழுந்து போய் வழியை மறித்தாள்.

"இங்க எதுக்கு வந்தீங்க? இன்னிக்கும் கத்தி ஊரைக் கூட்டணுமா?"

"இல்லம்மா. அவருக்கு மாலை போட வந்தேன்."

"ஸ்டாரைப் புடுங்கினதே நீங்கதான். மாலை வேறயா?"

"திட்டு தாயி. வாங்கிக்கத்தான் வந்துகீறேன். எனக்கே போன வாரந்தான் தெரியும். இவரு ரிட்டயர் ஆவுறாருன்னு சொன்னேன், பையன் சோத்துத் தட்டை வெச்சிட்டு அழுதான். அப்பத்தான் வாயத் தொறந்தான்."

"இன்னா சொன்னான்?"

பார்வதம்மா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பாலகாட்டுச் சொரங்கத்துல மூடிக் கெடந்த ஷாஃப்ட்டுக் குழியில தங்கக் கல்லு திருட எறங்கி, ரெண்டு பசங்க மூச்சு முட்டிச் செத்தாங்களே, நெனப்பிருக்கா?"

சாரதாவுக்கு நினைவிருந்தது. பையன்கள் பெங்களூருக்கு ஓடிவிட்டார்கள் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள். பல நாள் கழித்துத்தான் உடல்கள் கிடைத்தன.

"மூணாவது ஆளு எம் பையன். கயிறு எடுத்துகினு போறப்ப வழியிலயே இவரு புடிச்சிட்டாரு. வுட்டா திரும்பப் போவான்னு உள்ள தள்ளிட்டாரு. கூட யாருன்னு கேட்டுக் கேட்டுப் பார்த்தாராம். பாவி, வாயே தொறக்கல. இவன் வரலன்னதும் அவங்க வேற கயிறு கட்டி எறங்கிட்டாங்க."

"அதை விசாரணையில சொல்லியிருந்தா அவருக்கு ஒண்ணும் ஆயிருக்காதே!"

"சொன்னா எம் புள்ள பேரு கேசுல ஏறியிருக்கும்மா. அந்தக் கயித்தக்கூட யாருக்கும் காட்டலியாம். அன்னிக்குத்தான் பேட்டையில வாங்கின புதுக் கயிறு. பச்சைக் கலரு."

மேடையில் யாரோ கன்னடத்தில் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். சாரதாவுக்கு ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

பார்வதம்மாவின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் கண்ணாடி கீறிய பழைய தழும்பு தட்டுப்பட்டது. அந்தக் கையை விடாமல் மேடைக்குக் கூட்டிப் போனாள்.

மாலைக்காகத் தம்மபாலன் குனிந்தார். பார்வதம்மா பேச வாயெடுத்தாள். அவர் முந்திக்கொண்டார்.

"சாப்ட்டீங்களாம்மா? சாப்ட்டுத்தான் போகணும்."

வழக்கப்படி இன்ஸ்பெக்டரே ஜீப் ஓட்டி, தம்பதியை வீட்டில் கொண்டுவந்து விட்டார். சாரதா அன்று சாயங்காலமே காக்கிச் சட்டையைத் துவைத்துப் பச்சைக் கயிற்றில் காயப்போட்டாள்.

"இனிமே அது எதுக்கு, சாரதா?"

"காயட்டும்" என்றாள். வேறெதுவும் கேட்கவில்லை.

விடியற்காலையில் தங்கவயல் ஜனங்களைப் பெங்களூருக்கு வேலைக்கு ஏற்றிப்போகிற ரயிலில் ராஜ்குமார் இப்போது கார்டாக வேலை பார்க்கிறான். அந்த வேலை கொடுக்கும் முன் போலீஸில் விசாரித்தார்கள். அவன் பேரில் ஒரு வழக்கும் இல்லை.