ஏரி வீட்டுக்கு ஒரு கையெழுத்து

"மூணு பேர் கையெழுத்துப் போட்டாச்சு. உன்னுது ஒண்ணுதான் பாக்கி. நீயும் போட்டுட்டா வீட்டுக்காரம்மா இந்த வீட்டை விக்கிறதை இன்னிக்கே நிறுத்திடுவாங்க."

தலைமை எழுத்தர் மனுவைச் சமையல் மேடையின் ஈரம்படாத ஓரத்தில் வைத்தார். அவருடைய மனைவி அதைப் பார்த்தாளே தவிர, பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"கை ஈரமா இருக்குங்க. அப்புறம்."

"மூணு நாளா உன் கை ஈரமாத்தான் இருக்கு!"

அவர் கூடத்துக்கு வந்து நாற்காலியில் சாய்ந்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாகக் கோடை விடுமுறைதோறும் அவர்கள் வாடகைக்கு எடுத்துத் தங்கிய வீடு அது; இந்தக் கோடைக்கும் அங்கேதான் வந்திருந்தார்கள். 'ஏரி வீடு' என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். ஏரி என்னவோ மேட்டுக்கு அந்தப் பக்கம். பத்து நிமிட நடை.

இப்போது ஒரு விடுதிக்காரர் விலை பேசியிருந்தார். வாங்கியதும் இடித்துவிடுவாராம். வீட்டுக்குச் சொந்தக்காரியான முதியவளிடம் போய் எழுத்தர் கெஞ்சியபோது அவள் ஒன்றுதான் சொன்னாள்: "குடும்பமா எழுதிக் கேளுங்க, விக்கலை. ஆனா உங்க வீட்டம்மா கையெழுத்து இல்லாம எங்கிட்ட வராதீங்க."

இதென்ன பிரமாதம் என்று எண்ணித்தான் அவர் வந்தார். மனு எழுதுவதில் அலுவலகத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஏரியில் பொழுது சாயும் அழகைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி, எழுதியதைப் படித்துத் தாமே கண் கலங்கினார். அவர் தம்பிக்கு மூக்கு அடைத்துக்கொண்டது. மகள் விம்மியே விட்டாள். மனைவி மட்டும் இரண்டு முறை நிதானமாகப் படித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள்.

"என்ன அண்ணி, எங்க அண்ணன் ஆபீஸ்ல கூட ஃபைல் இதைவிட வேகமா நகருமே!" என்று தம்பி குரல் கொடுத்தான்.

"அங்கே எடுபிடிக்கு ஆள் இருக்கு, தம்பி" என்று அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

மகள் எழுந்துபோய் அடுக்களை வாசற்படியில் நின்றாள். "நான் நீச்சல் கத்துக்கிட்டதே இந்த ஏரியிலதாம்மா. ஞாபகம் இல்லையா உனக்கு?"

"இல்லாம என்ன? உன் ஈரத்துணியைப் பிழிஞ்சு பிழிஞ்சு உலர்த்தினவளாச்சே."

"எங்க அம்மா படுக்கையில விழுந்த அப்புறமும் ஆறு வருஷம் இங்கே வந்தாங்களே" என்றார் எழுத்தர். "இங்கே வந்தாத்தான் நல்லா இருக்குன்னு வாய்க்கு வாய் சொல்லுவாங்க."

"தெரியும்."

"எதைச் சொன்னாலும் தெரியும், தெரியும்! இந்த வீட்டு மேல எங்க எல்லாருக்கும் உசுரு. உனக்கு மட்டும் ஏன் கல்லு மாதிரி இருக்கு மனசு?"

அவள் குழாயை மூடினாள். அப்படியே அடுக்களை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

"அசதியா இருக்குங்க."

"லீவுக்கு வந்த இடத்துல என்ன அசதி?"

அவள் காலை நீட்டி முழங்காலை நீவிவிட்டுக்கொண்டாள். எழுத்தருக்கு வெறுத்துப் போயிற்று. நனைந்த காலோடு ஏரியிலிருந்து திரும்பும்போது, மேட்டிலிருந்து இறங்குகையிலேயே எதிர்கொண்டு அழைக்கும் சமையல் மணம்! வாசலில் ஆளுக்கொரு துண்டு, உள்ளே ஆவி பறக்கும் சாப்பாடு. அந்தச் சுகத்தையெல்லாம் இவளால் எப்படி மறக்க முடிந்தது? இத்தனை காலம் குடும்பம் நடத்தியும் இவளுடைய நெஞ்சின் வறட்சி தமக்குத் தெரியாமல் போயிற்றே என்று நொந்துகொண்டார்.

சற்று நேரம் கழித்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி. ஏரியைப் பாத்துட்டு வந்து சொல்றேன்."

வீடே மலர்ந்துவிட்டது. மகள் ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். "நான் சொல்லலை? அண்ணிக்கும் உள்ளுக்குள்ள பாசம் இருக்குன்னு!" என்றான் தம்பி, அவன் அப்படிச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லாவிட்டாலும்.

எழுத்தருக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. கல் என்று சொல்லிவிட்டோமே! தாமே குனிந்து அவளுடைய செருப்பை எடுத்து வைத்தார்.

"நானும் வரட்டுமாம்மா?" என்று கிளம்பிய மகளைக் கையமர்த்தினார். "விடு, தனியாப் போகட்டும். இத்தனை வருஷம் பழகின இடம். அவளுக்கும் ஏரிக்கும் ஆயிரம் இருக்கும்."

அவள் மெல்ல நடந்து வெளிக்கதவைத் திறந்தாள். தெருவில் இறங்கியவள் அங்கேயே நின்றுவிட்டாள். கடைத்தெருவுக்குப் போகும் இடப்பக்கம் பார்த்தாள். வலப்பக்கம் பார்த்தாள். மறுபடியும் இடப்பக்கம்.

"அழறாங்க போல" என்று மகள் கிசுகிசுத்தாள்.

எழுத்தர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பிரியறதுன்னா சும்மாவா?"

அவள் திரும்பினாள். கண்ணில் ஒரு துளி இல்லை. அறியாத ஊரில் எதிர்ப்பட்டவரிடம் வழி கேட்பவளைப் போலக் கேட்டாள்:

"ஏங்க, ஏரிக்கு எந்தப் பக்கம் போகணும்?"