பின்கொக்கி

சாலைக் கடைவீதியின் பின்சந்தில், மழை அப்போதுதான் விட்ட உச்சிவெயிலில், வியாபாரி குற்றாலலிங்கம் ஏலத்தில் எடுத்த பட்டாளத்துச் சின்ன லாரி ஆவி விட்டுக்கொண்டு நிற்கிறது. பின்னால், டிரெய்லர் பூட்டும் கொக்கி துருவேறி இறுகிக் கிடக்கிறது. அதைக் கழற்றினால்தான் ஏறுவேன் என்று டிரைவர் வேலப்பன் ஒரே பிடியாக நிற்கிறான்; காலி வண்டியை ஓட்டினாலும் பின்னால் எதையோ இழுத்துக்கொண்டு போவது போலிருக்கிறதாம். கொல்லத்துக்குப் போகவேண்டிய நேந்திர வாழைக்குலைகளோ கடை வாசலில் கறுக்கத் தொடங்கிவிட்டன. மெக்கானிக் ஞானசிகாமணி மண்ணெண்ணெய் ஊற்றி, சுத்தியலை ஓங்கி அடிக்கிறார். ணங். சற்றுப் பொறுத்து, வண்டிக்குப் பின்னால் ஆளில்லாத பக்கத்திலிருந்து இன்னொரு ணங்.

“சுவரிலே பட்டு எதிரொலிக்கி, அண்ணாச்சி” என்கிறார் ஞானசிகாமணி.

“அங்கே ஏதுவே சுவரு?”

சந்து முழுக்கச் சேறாகக் கிடக்க, கொக்கிக்குப் பின்னால் மட்டும் ஒரு வண்டி அகலத்துக்குத் தரை நனையவே இல்லை. குற்றாலலிங்கம் குனிந்து அதையே பார்க்கிறார். முரண்டுகிற ஆளைக் கண்டால் ஏதாவது விட்டுக்கொடுத்துப் படியவைத்தே பழகிய நாக்கு, அவரைக் கேட்காமலே அந்த உலர்ந்த தரையிடம் பேரத்தைத் தொடங்குகிறது.

“சரிடே, கொக்கிய விட்டுரு. வேணும்னா வண்டியிலேயே ஏறிக்கோ. வண்டிக்கூலி கேக்கமாட்டேன்.”

சுத்தியல் மறுபடி படுமுன்பே கொக்கி கழன்று ஞானசிகாமணியின் கையில் விழுகிறது.

“சரியாயிட்டு, முதலாளி!” என்று சிரித்தபடி வேலப்பன் ஏறி உட்காருகிறான். “இனி குலையை ஏத்தலாம்.”

குற்றாலலிங்கம் பின்சக்கரத்தைப் பார்க்கிறார். ஒரு குலைகூட ஏற்றாத வண்டியின் பின்பக்கம், ஸ்பிரிங் பட்டைகள் முனக, மெல்லத் தாழ்கிறது.