நாலாவது தடவை

"கிளம்புங்கம்மா, நேரமாச்சு" என்றபடி முன் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார் தன்னம்பிக்கைப் பேச்சாளர்.

வெள்ளைக் கார், பெண் டிரைவர், டாக்சி ஐந்து நிமிடத்தில் வரும் என்று செல்போன் சொல்லியிருந்தது. அவர் தெருவுக்கு வரும்போதே சாலையோரம் வெள்ளைக் கார் நின்றதில் அவருக்குத் திருப்தி. பின்னால் உட்கார்ந்தால் அவருக்குக் குமட்டும். அதனால் எப்போதும் முன் இருக்கைதான்.

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். பேச்சாளரின் டையையும் கையிலிருந்த காகிதக் கட்டையும் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வணக்கம் சார். பெல்ட் போட்டுட்டேன் சார். கண்ணாடி சரி பண்ணிட்டேன். கிளம்பட்டுமா சார்?"

இவ்வளவு மரியாதை தெரிந்த டிரைவரை அவர் பார்த்ததில்லை.

"போங்க. வழி நான் சொல்றேன். நேரா போய் இடது பக்கம்."

கார் ஊர்ந்தது. பாதசாரிகள் கடக்கும் கோட்டின் முன்னால் நின்றது.

"யாருமே இல்லையேம்மா?"

"கோடு இருக்கே சார்."

பேச்சாளர் பெருமூச்சு விட்டுவிட்டுக் காகிதங்களை மடியில் விரித்தார். இன்னும் கொஞ்ச நேரத்தில் ஒரு தொழிற்சாலை ஊழியர்களுக்கு முன்னால் பேச வேண்டும். தலைப்பு, 'சின்னத் தப்பு, பெரிய பாடம்'. பேனாவால் ஒரு வரியை அடித்தார். பக்கத்திலிருந்து "ஐயோ" என்று மெல்லிய குரல் கேட்டது.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல சார். இண்டிகேட்டர் லேட்டா போட்டுட்டேனோன்னு."

"அதையெல்லாம் பெருசா எடுத்துக்காதீங்க. புதுசா?"

"புதுசுன்னு சொல்ல முடியாது சார். இது நாலாவது தடவை." குரல் இறங்கியது. "மூணு தடவையும் தோத்துட்டேன். இன்னிக்கும் போச்சுன்னா காரையே வித்துடுவேன்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார். உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலைன்னு மாமியார் வேற."

பேச்சாளர் பேனாவை மூடினார். மூன்று தொழில் தொடங்கி மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டு, கடைசியில் டாக்சியை நம்பி வந்தவர் போலிருக்கிறது. இப்படிப்பட்டவர்களை அவர் எல்லா மேடையிலும் உதாரணம் காட்டுவார். நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

"தோத்ததுக்கு என்ன காரணம்?"

"பயம்தான் சார். பக்கத்துல உங்களை மாதிரி ஒருத்தர் வந்து உக்காந்தாலே கை நடுங்கும்."

"என் கதையைக் கேளுங்க. ஒருநாள் அவசரத்துல பேஸ்ட்டுன்னு நினைச்சு ஷேவிங் கிரீமை எடுத்துப் பல் தேய்ச்சுட்டேன். வாயெல்லாம் நுரை. எனக்கு வலிப்பு வந்துடுச்சுன்னு என் சம்சாரம் ஆம்புலன்சுக்கே போன் போட்டுட்டா. அன்னிக்கு நான் என்ன கத்துக்கிட்டேன்?"

"லைட்டைப் போட்டுட்டுப் பல் தேய்க்கணும்னா சார்?"

எந்தக் கூட்டத்திலும் யாரும் இப்படிப் பதில் சொன்னதில்லை.

"அது இல்லம்மா. தப்பு பண்ண பயப்படறவங்க எதையும் கத்துக்க மாட்டாங்க. அதனால தாராளமா தப்பு பண்ணுங்க."

அந்தப் பெண் திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். "இப்பவேவா சார்?"

"இப்பவே. முதல்ல வேகத்தைக் கூட்டுங்க. அந்த லாரி பின்னாலயே போனா நான் போய்ச் சேர்ந்த மாதிரிதான்."

"முந்தலாமா சார்?"

"என்னை ஏன் கேக்கறீங்க? உங்க மனசைக் கேளுங்க."

மனசு என்ன சொன்னதோ, கார் உறுமிக்கொண்டு பாய்ந்தது. லாரிக்கும் எதிரே வந்த பஸ்சுக்கும் நடுவே, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு சந்தில் நுழைந்து வெளியே வந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, காது கொடுத்துக் கேட்க முடியாத எதையோ சொன்னார். பேச்சாளரின் காகிதங்கள் காலடியில் சிதறிக் கிடந்தன.

"சரியா சார்?"

"பிரமாதம்" என்றார் அவர், உள்ளங்கை ஈரத்தைப் பேண்ட்டில் துடைத்துக்கொண்டு. செய்த உபதேசத்தை அடுத்த நிமிடமே வாபஸ் வாங்குவது தொழிலுக்கு அழகில்லை.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பிடிக்க முடியவில்லை. ஒற்றைக் கையால் ஓட்டினார். ஹாரனை வாய் ஓயாமல் பேசவிட்டார். ஒரு வளைவில் நடைபாதையின் மேல் சக்கரம் ஏறி இறங்கியது.

"தப்பு பண்ணிட்டேன் சார்" என்றார் சிரித்த முகமாக. "கத்துக்கிட்டேன் சார்."

பேச்சாளர் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்தார். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமிதம். நடுங்கிக்கொண்டிருந்த ஒரு ஜீவனைப் பதினைந்தே நிமிடத்தில் சிங்கமாக்கிவிட்டோமே என்று. இன்றைய கூட்டத்தில் இவர் கதையையே சொல்லிவிடலாம். மூன்று தோல்வியை ஏழாக்கிக்கொண்டால் கைதட்டல் நன்றாக வரும்.

"அந்த கேட்டுக்கு முன்னால நிறுத்துங்க."

குலுங்கி நின்றது கார்.

"ரிவர்ஸ் எடுத்துக் காட்டட்டுமா சார்?"

"வேண்டாம்மா. வேண்டவே வேண்டாம்."

காகிதங்களைப் பொறுக்கிக்கொண்டு, பர்சிலிருந்து நோட்டுகளை எடுத்து நீட்டினார். "வெச்சுக்குங்க. கொஞ்சம் கூடுதலாவே இருக்கும். அது உங்க தைரியத்துக்கு."

நோட்டுகளையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்த அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மூணு தடவையும் வந்த ஆபீசருங்களுக்கு நான்தான் சார் கவர் குடுத்தேன். வாங்கிக்கிட்டும் ஃபெயில் போட்டாங்க. நீங்க எனக்கே காசு குடுக்கறீங்க" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "அப்போ டிரைவிங் டெஸ்ட்ல நான் பாஸா சார்?"