முந்நூறு வருஷ வித்தியாசம்

"முந்நூறு வருஷ வித்தியாசம்! இதுக்கப்புறமும் இந்த ரெண்டு பேரையும் ஒரே பெட்டியில படுக்க வைக்கணுமா?"

அருங்காட்சியக இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

படுத்திருந்தவை ரெண்டு எலும்புக்கூடுகள். ஒரே குழியில் கிடைத்த ஆணும் பெண்ணும். அவள் கை அவன் விலா எலும்புக்குள் கோத்துக் கிடந்தது. 'ஆதி தம்பதி' என்று எழுதி வைத்து ஊரையே கூட்டிக் காட்டியாயிற்று. இப்போது கார்பன் சோதனை, அவன் அவளுக்கு முந்நூறு வருஷம் முன்பே செத்தவன் என்கிறது. செத்தும் நிம்மதி இல்லை, பாவம்.

"யாரோ ஒருத்தனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு... குழந்தைங்க வர்ற இடம்! நடுவுல தடுப்புப் பலகையைப் போடுப்பா."

"போட்டுடலாம் சார்," என்றார் தச்சர். "அந்தம்மா கைதான் இடிக்குது. அறுத்துடட்டுமா?"

ஆய்வாளர் அம்மா பெட்டிக்குக் குறுக்கே வந்து நின்றார். தூரிகையால் மண்ணைத் தட்டித் தட்டி அவரே மீட்டெடுத்த விரல்கள் அவை.

"ஐயையோ, கை வைக்காதீங்க! சார், அது திருத்தாத முதல் கணக்கு. அவன் கடல் மீனாத் தின்னு தீர்த்தவன். கடல்ல இருக்கற கார்பன் ரொம்பப் பழசு. அந்த மீனைத் தின்னவன் எலும்பும் நிஜத்தைவிடப் பழசாக் காட்டும். அவ எலும்புல மீனோட அடையாளமே இல்ல. அவன் கணக்குல அந்த மீன் வயசைக் கழிச்சுட்டா ரெண்டு பேரும் ஒரே காலம்தான்!"

"கதை விடாதீங்க. புருஷன் நாள் தவறாம மீன் தின்பானாம், பொண்டாட்டி தொடவே மாட்டாளாம். ஒரே வீட்டுல, ஒரே அடுப்புல! நடக்கற காரியமா?"

"ஏன் சார் நடக்காது?"

"எங்க வீட்டையே எடுத்துக்குங்க. மீன் இல்லாம எனக்குச் சோறு இறங்காது. என் வீட்டுக்காரிக்கும் அப்படித்தான். குடும்பம்னா அது!"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு? சரி, உங்க திருப்திக்கு..." மனைவியைப் போனில் அழைத்து ஸ்பீக்கரில் போட்டார். "ஏம்மா, நாம ரெண்டு பேரும் தினம் மீன்தானே சாப்பிடறோம்? இங்க ஒருத்தங்க நம்ப மாட்டேங்கறாங்க. நீயே சொல்லு."

தச்சர் ரம்பத்தைக் கீழே வைத்தார்.

"கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷமாச்சுங்க. ஒரு நாளாவது என் தட்டுல என்ன இருக்குன்னு பார்த்திருக்கீங்களா?"